நாலு பேர், ஒரு குதிரை

(புனே கிளையின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஓய்வுக்குப் பின் என்ன செய்யலாம்?" என்ற வரிசையில் போன மாதம் மாடித் தோட்டம் பற்றிக் கேட்டோம். இந்த மாதம் ரேஸ் குதிரை என்று செயலாளர் அறிவித்ததும் முன்வரிசையில் இரண்டு மாமிகள் முகத்தைச் சுளித்ததைப் பார்த்தேன். அவர்கள் மேல் தப்பில்லை. என் சொந்தப் பெரியப்பாவே கிண்டிக்குப் போய்ப் போய் கிராமத்து நிலத்தைக் கரைத்தவர்தான்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பந்தயம் கட்டுகிறவன் அல்ல. ஒரு குதிரையில் கால் பங்கு வைத்திருந்தவன். இரண்டும் வேறு. நளன் கதை உங்களுக்குத் தெரியும். சூதாடி ராஜ்யத்தை இழந்த அதே நளனுக்குக் குதிரை சாஸ்திரத்தில் நிகரில்லை. ருதுபர்ணனுக்கு அஸ்வ ஹிருதயத்தைத் தருவதாகச் சொல்லி, அவனிடமிருந்து அக்ஷ ஹிருதயத்தைப் பெற்றான். குதிரையை அறிவது ஒரு வித்தை, பகடையை அறிவது வேறொரு வித்தை.

1996ல் உச்ச நீதிமன்றமும், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. அதை நம்பி யாரும் நாளைக்கே டிக்கெட் வாங்கப் போய்விட வேண்டாம். குதிரைக்கும் ஜாக்கிக்கும் திறமை இருக்கலாம். டிக்கெட் வாங்குகிறவருக்கும் இருக்கும் என்று நீதிபதிகள் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 2010ல் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். கூட வேலை பார்த்த பார்சி நண்பருக்குக் குதிரை என்றால் உயிர். அவர், ஒரு மராத்தி டாக்டர், சிறு தொழிற்சாலை வைத்திருந்த என் இருபது வருட நண்பர், நான் என்று நாலு பேர் சேர்ந்தோம். 2011 பிப்ரவரியில் இரண்டு வயதுப் பெண்குட்டி ஒன்றை 4 லட்சம் ரூபாய்க்கு வாங்கினோம். பந்தயத்தில் ஓட அதற்கு ஒரு கம்பீரமான ஆங்கிலப் பெயர் உண்டு. எங்களுக்கு அது எப்போதும் "குட்டி"தான்.

குதிரை வாங்கினால் வீட்டுக் கொட்டிலில் கட்டிக்கொள்ள முடியாது. பந்தய மன்றத்தில் உரிமையாளர்களாகப் பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். ஜாக்கி அணியும் சட்டைக்கும் தொப்பிக்கும் நம் வர்ணத்தைப் பதிவு செய்ய வேண்டும். உரிமம் பெற்ற பயிற்சியாளரின் லாயத்தில் விட்டு, மாதாமாதம் அவர் அனுப்பும் பில்லைக் கட்ட வேண்டும். ஓட்ஸ், தவிடு, குதிரை மசால், லாடம், மருந்து, பார்த்துக்கொள்ளும் சைஸின் சம்பளம் எல்லாம் அதில் வரும். மழைக்காலத்தில் புனேயில் ஓட்டம். குளிர்காலத்தில் மும்பை மஹாலக்ஷ்மி. குதிரைகளும் லாரியில் ஏறிக் காட் ரோடு வழியாகப் போய் வரும்.

எல்லாச் செலவும் சேர்த்து எங்களுக்குச் சராசரியாக மாதம் 24,000 ரூபாய் ஆயிற்று. ஆளுக்கு 6,000. வங்கிக்காரன் என்பதால் கணக்கு என் பொறுப்பு. தனிக் கணக்குத் திறந்து, ஒவ்வொருவரிடமும் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிப் போட்டேன். மாதம் முதல் தேதி வரவு செலவுத் தாள் நாலு பேருக்கும் போய்விடும். கூட்டு வியாபாரம் பெரும்பாலும் உடைவது நஷ்டத்தால் அல்ல, சந்தேகத்தால் என்பதை வங்கியில் நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் காரணமாக எங்களுக்குள் ஒரு நாளும் பேச்சு வரவில்லை.

குட்டி 14 ஓட்டம் ஓடி 2 ஜெயித்தது. முதல் முறை ஜெயித்த அன்று நான் ரேஸ் கோர்ஸில் குழந்தை மாதிரி அழுதேன். ஜெயித்தால் கஷ்டமும் கூடவே வரும். ஹாண்டிகாப் முறையில், ஜெயித்த குதிரையின் மதிப்பெண் ஏறும். அடுத்த முறை கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும். எல்லாக் குதிரைக்கும் சமவாய்ப்பு தரவே அந்த ஏற்பாடு.

2013 அக்டோபர் வரை 33 மாதத்துக்குப் பராமரிப்பு 7 லட்சத்து 92 ஆயிரம். விலையையும் சேர்த்தால் 11 லட்சத்து 92 ஆயிரம். பயிற்சியாளர், ஜாக்கி முதலியோரின் பங்கு போகப் பரிசாக வந்தது 4 லட்சத்து 92 ஆயிரம். ஆக நஷ்டம் 7 லட்சம். ஆளுக்கு ஒன்றே முக்கால் லட்சம். 1961ம் வருட வருமான வரிச் சட்டமே இதை எதிர்பார்த்து எழுதப்பட்டது. பந்தயக் குதிரையில் வந்த நஷ்டத்தைப் பந்தயக் குதிரை வருமானத்தில் மட்டும்தான் கழிக்கலாம், அதுவும் நாலு வருடத்துக்குள் என்று 74ஏ பிரிவு சொன்னது. பென்ஷனில் கழிக்க இடமில்லை. தொலைந்தாலும் பரவாயில்லை என்ற பணம் இருந்தால் மட்டுமே இதில் இறங்க வேண்டும்.

அந்த அக்டோபரில் ஒரு நாள் காலைப் பயிற்சியில் குட்டி நொண்டிக்கொண்டு திரும்பியது. முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே தசைநார் கிழிந்திருந்தது. ஸ்கேன் எடுத்த கால்நடை மருத்துவர், ஏறக்குறைய ஒரு வருடம் ஓய்வு வேண்டும், பிறகு ஓடினாலும் மறுபடி கிழியலாம் என்றார். அதே வாரம் ஒரு தரகர் வந்தார். 40,000 ரூபாய் ரொக்கம் தருவதாகச் சொன்னார். கல்யாண ஊர்வலத்துக்கு என்றார். எங்கே, யாரிடம் போகும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

விற்றுவிடலாம் என்று முதலில் கை தூக்கியவன் நான்தான். கணக்குத் தாள் அப்படித்தான் சொன்னது. தொழிற்சாலை நண்பரும் அதே கட்சி. பார்சி நண்பரும் டாக்டரும் கூடாது என்றார்கள். இரண்டுக்கு இரண்டு. எங்கள் ஒப்பந்தத்தில் பரிசைப் பிரிப்பது பற்றி ஒரு பக்கம் இருந்தது. குதிரை ஓட முடியாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. ஜெயிப்பதை மட்டும் நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தோம். இரண்டு வாரம் சண்டை.

ரேஸ் கோர்ஸ் பக்கமே எட்டிப் பார்க்காத என் ஆத்துக்காரி ஒரு நாள் ராத்திரி சொன்னாள்: "ரேஸே வேண்டாம்னு சொன்னப்போ நீங்க கேக்கலை. மூணு வருஷம் உங்களுக்காக ஓடித்து. இப்போ அதை யாருன்னே தெரியாதவன் கையில புடிச்சுக் குடுத்துட்டு வந்து எங்கிட்ட காபி கேக்காதேங்கோ."

மறுநாள் என் ஓட்டை மாற்றினேன். தொழிற்சாலை நண்பர், "அப்படியானால் என் பங்கான பத்தாயிரத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்றார். நாங்கள் மூவரும் சேர்த்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு என் வீட்டு வாசற்படி ஏறவில்லை. அவர் கெட்டவர் அல்ல. தொழிலில் அப்போது அவருக்கு நெருக்கடி. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதல் நாளே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அந்த நட்பு மிஞ்சியிருக்கும்.

குட்டியைப் பத்து மாதம் ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் வைத்துக் காப்பாற்றி, குழந்தைகளுக்குச் சவாரி கற்றுத் தரும் ஒரு பள்ளிக்கு இலவசமாகக் கொடுத்தோம். வேறு யாருக்கும் விற்பதில்லை, வேண்டாமென்றால் எங்களிடமே திருப்பித் தருவது என்று எழுதி வாங்கினோம். போன தீபாவளிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு ஏழு வயதுப் பெண்ணைச் சுமந்துகொண்டு நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

குதிரையோ, கடையோ, கூட்டாக வாங்கும் மனையோ, எதில் இறங்கினாலும் மூன்றை எழுதி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒருவர் பணம் கட்ட முடியாமல் போனால் என்ன? கருத்து சமமாகப் பிரிந்தால் யார் சொல் முடிவு? சம்பாதித்துக் கொடுத்தது இனி சம்பாதிக்க முடியாது என்ற நாளில் அதற்கு யார் சோறு போடுவது? மூன்றாவதை முதலில் எழுதுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள்.