பாடமொழி மாறும்போது பெற்றோர் கேட்க வேண்டியவை

தோட்டத்தில் இருப்பவர்களானாலும், தோட்டத்தை விட்டுப் பண்டமாரான், கிள்ளான் பக்கம் குடிவந்தவர்களானாலும், நமக்குப் பிள்ளைகளின் படிப்புத்தான் சொத்து. "கணிதத்தையும் அறிவியலையும் உலக மொழியான ஆங்கிலத்தில் படித்தால் பிள்ளை முன்னேறும்" என்று கேட்டதும் பாரத்தில் கையெழுத்திட்டு விடுகிறோம். பிள்ளை படித்து முடிக்கும்வரை அந்தத் திட்டம் நிலைக்குமா என்று கேட்கிறோமா?

நடந்ததைப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டு தேசியப் பள்ளிகளிலும் தமிழ், சீனப் பள்ளிகளிலும் இவ்விரு பாடங்களும் ஆங்கிலத்திற்கு மாறின. பள்ளிகளுக்கு மடிக்கணினி வந்தது. ஒளிபடக் கருவி வந்தது. ஆனால் தமிழில் கற்பித்துப் பழகிய ஆசிரியர் ஒரே நாளில் மாறிவிட முடியுமா? டிம்ஸ் எனப்படும் அனைத்துலக ஆய்வில், நம் நாட்டு இரண்டாம் படிவ மாணவர்களின் கணிதப் புள்ளி 2003இல் 508, 2007இல் 474. அறிவியல் 510இலிருந்து 471க்கு இறங்கியது. மொழி ஒன்றே இதற்குக் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

2009 ஜூலையில் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 2003இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை அப்போது முதலாம் படிவத்தில் இருந்தது. பாதி வழியில் இருந்தவர்கள் தொடங்கிய மொழியிலேயே முடிக்கப் பின்னர் அனுமதி கிடைத்தது. அதனால் அண்ணன் ஒரு மொழியிலும் தம்பி வேறு மொழியிலும் படித்த வீடுகள் உண்டு.

2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. இது கட்டாயமன்று. பள்ளி விண்ணப்பிக்க வேண்டும். தகுந்த ஆசிரியர் வேண்டும். பெற்றோரின் சம்மதம் வேண்டும். இத்திட்டத்தில் சேராத வகுப்பு ஒன்றேனும் பள்ளியில் இருக்க வேண்டும் என்ற விதியைக் கல்வியமைச்சு 2024இல் வலியுறுத்தியது. ஆண்டுக்கு ஒரே வகுப்புள்ள சிறிய தமிழ்ப்பள்ளி என்ன செய்யும்? இரண்டாகப் பிரிக்க அறையும் வேண்டும், ஆசிரியரும் வேண்டும்.

ஆகவே, கையெழுத்திடுமுன் தலைமையாசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பாடம் நடத்தப்போகும் ஆசிரியர் யார்? அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் யார்? பிள்ளை போகவிருக்கும் இடைநிலைப்பள்ளியில் இந்தத் திட்டம் உண்டா? இல்லையென்றால், ஆங்கிலத்தில் ஆறாண்டு படித்த கணிதத்தையும் அறிவியலையும் அங்கே மலாய்மொழியில் தொடர வேண்டிவரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. ஆறாம் ஆண்டிலும் மூன்றாம் படிவத்திலும் பிள்ளையின் நிலையைச் சொன்ன அந்த அரசாங்கத் தேர்வுகள் இப்போது இல்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. உங்கள் சம்பளச் சீட்டை எடுங்கள். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடிக்கிறார்கள். "1,700 ரிங்கிட்டுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். 187 என்று சொன்னால் மட்டும் போதாது. எப்படி வந்தது என்று வீட்டுத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்கினால் பாடம் புரிந்திருக்கிறது. விழித்தால், புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் கணக்கு இன்னும் மனத்தில் ஏறவில்லை; மறுநாளே ஆசிரியரைப் பாருங்கள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? விதிகள் இனியும் மாறலாம். புரிந்து படித்த பிள்ளை எந்த மொழிக்கும் மாறிக்கொள்ளும். மனப்பாடம் செய்த பிள்ளைதான் ஒவ்வொரு மாற்றத்திலும் தடுமாறும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குத் தவறாமல் போங்கள்; இந்தக் கேள்விகளை அங்கேயும் கேளுங்கள்.