ஃபைலைக் காப்பதும் ஒரு தொழில்தான்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் கேட்டதால் எழுதித் தந்தேன்.)



இன்று நான் பேச வந்தது பேப்பரைப் பற்றி. "பேப்பருக்கு ஒரு பேச்சா?" என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் லிஃப்ட் உரிமம் புதுப்பிக்கப் போனாலும், வீட்டை விற்கப் போனாலும், வங்கியில் கடன் கேட்கப் போனாலும் முதலில் கேட்பது பேப்பரைத்தான். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க ஒரு தொழிலறிவு வேண்டும். அந்த அறிவுள்ளவருக்கு நாம் எந்த இடமும் கொடுப்பதில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் வாசலில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிறது. கழிமுகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் குப்பத்தில் சின்னப் பிள்ளை கூட கை காட்டும். ஆனால் சட்டத்துக்குக் கை காட்டினால் போதாது, வரைபடம் வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது. அதன்படி தயாரித்த தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு மத்திய அரசு 1996-இல் ஒப்புதல் கொடுத்தது. 2017-இல் பெரிய சர்ச்சை எழுந்தது. அதிகாரிகள் பின்னாளில் காட்டிய வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணோம் என்று மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் சொன்னார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, 1996-ஆம் ஆண்டு வரைபடத்தை வாங்கி, கழிமுகம் அதில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருப்பதைக் காட்டினார்கள்.

போராடியவர்களுக்குப் பேர் கிடைத்தது, அது நியாயம்தான். ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். 20 வருடத்துக்கு மேல் அந்தத் தாள் ஏதோ ஒரு அலுவலகத்தில் எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தது. அதனால்தான் கேட்டபோது வந்தது. அப்படி வைத்திருந்தவருக்கு யாரும் மாலை போடவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் 30 நாளில் பதில் என்பதுதான் எல்லோருக்கும் தெரியும். அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒவ்வொரு பொது அலுவலகமும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அகரவரிசைக் குறிப்போடு வைக்க வேண்டும் என்கிறது. அடுக்கி வைக்காத இடத்தில் உரிமை இருந்தும் பயன் இல்லை. "கோப்பு கிடைக்கவில்லை" என்று ஒரு வரிப் பதில் வந்தால் கதை முடிந்தது.

இந்தத் தொழில் நம் ஊருக்குப் புதிதல்ல. எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டடம் ஒன்று இருக்கிறதே, தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அது 1909-இல் எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1670-ஆம் ஆண்டுக் காகிதங்கள் கூட அங்கே உண்டு. டெல்லியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம் 1891-இல் கல்கத்தாவில் தொடங்கியது. இன்று அங்கே ஆவணக் காப்புக்கென்றே ஒரு வருடப் பட்டயப் படிப்பு நடக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1993-இல் பொது ஆவணச் சட்டம் வந்தது. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஆவண அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், முறைப்படி இல்லாமல் எதையும் அழிக்கக் கூடாது என்கிறது அது. ஆக, படிப்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நம் மனசில்தான் இன்னும் அந்த வேலைக்கு நாற்காலி இல்லை.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எங்களிடம் தஃப்தரி என்று ஒரு பணி உண்டு. கலெக்டர் ஆபீஸில் பட்டை போட்டு நிற்கும் டஃபேதார் வேறு, இவர் வேறு. கடைநிலை ஊழியர்தான், ஆனால் ஊதிய ஒப்பந்தத்தில் இந்த வேலைக்குத் தனிப்படி உண்டு. வவுச்சர்களைத் தேதி வாரியாகத் தைத்து, பழைய லெட்ஜர்களைக் கட்டி, ரெக்கார்டு ரூமைக் காப்பது அவர் வேலை. அது வெறும் தூசு தட்டும் வேலை இல்லை. 1891-ஆம் ஆண்டு வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி, எங்கள் லெட்ஜரின் சான்றிட்ட நகல் கோர்ட்டில் சாட்சியம். எதை 5 வருடம் வைக்க வேண்டும், எதை 8 வருடம் வைக்க வேண்டும் என்று 1985-இல் விதியே போட்டார்கள்.

ராயபுரம் பக்கம் நான் இருந்த ஒரு கிளைக்கு ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரர் துறைமுகத் தொழிலாளி, இறந்துவிட்டார். அவர் வைத்த வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது, கடன் எப்போதோ கட்டி முடிந்தது. அதற்குள் கிளை இரண்டு முறை இடம் மாறியிருந்தது. மேனேஜர், ஆபீஸர், நாங்கள் எல்லாரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். தஃப்தரி உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். இடம் மாறிய அன்று எந்தக் கட்டு எந்தப் பெட்டியில் போனது என்று அவர் கையால் எழுதிய நோட்டு. அரை மணி நேரத்தில் பத்திரம் மேஜைக்கு வந்தது. அந்த அம்மா அவரைப் பார்த்துத்தான் கும்பிட்டார்.

அவர் ஓய்வு பெற்ற அன்று கூட்டம் போட்டோம். "நல்ல மனுஷன், லீவே போட மாட்டார்" என்று எல்லாரும் பேசினார்கள். அவர் வேலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவும் இல்லை. அடுத்த வருடமே ரெக்கார்டு ரூமில் பழைய மின்விசிறியும் உடைந்த நாற்காலியும் குடியேறின.

இன்று ரிசர்வ் வங்கியே அந்த வேலைக்கு விலை வைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த உத்தரவுப்படி, கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் பக்கம் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுக் கடன் கட்டுகிற நீங்கள் எல்லாரும் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன். யாரையும் குறை சொல்லவில்லை. நம் காகிதங்கள் ஒவ்வொரு செயலாளர் வீட்டுக்கும் துணிக்கடைப் பையில் போகின்றன. கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு, லிஃப்ட் உரிமம், வைப்புநிதி ரசீது எல்லாம் அதில்தான். "ரிடையர் ஆனவர் சும்மாதானே இருக்கிறார், அவரிடம் கொடு" என்கிறோம். "வாட்ஸப்பில் இருக்கிறதே" என்கிறோம். அனுப்பியவர் போனை மாற்றினால், குழுவை விட்டுப் போனால் யார் தேடுவது? 2022-ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அந்த நாள் நமக்கும் ஒருநாள் வரும். அன்று அந்தப் பையைத்தான் தேடுவோம்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவுக்கு என் கோரிக்கை: ஆவணப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி வேண்டும். தலைவர், பொருளாளர் பெயரோடு அவர் பெயரும் இந்த மடலில் வர வேண்டும். அவர் செய்ய வேண்டியவை நான்கு.

முதலாவது, ஒவ்வொரு கோப்புக்கும் எண் போட்டு, பொருள், தேதி, எத்தனை தாள், எந்த அலமாரி என்று ஒரு பதிவேடு எழுத வேண்டும். புதிதாக வருபவரும் அதைப் பார்த்துத் தானே எடுக்க முடிய வேண்டும்.

இரண்டாவது, கோப்பை யார் வாங்கினார், எப்போது திருப்பினார் என்று கையெழுத்தோடு குறிக்க வேண்டும். தலைவருக்கும் இதில் விலக்கு இல்லை.

மூன்றாவது, பழையதைக் கழிக்கும்போது பட்டியல் போட்டு, செயற்குழு கையெழுத்திட்ட பிறகே கழிக்க வேண்டும்.

நான்காவது, பொறுப்பு மாறும் நாளில் பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டுப் பார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும்.

இதற்கு ஒரு இரும்பு அலமாரி போதும். சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். நம் உப்புக் காற்றில் ஸ்டேப்ளர் பின் சீக்கிரம் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி நாடா கட்டுங்கள். வீட்டில் மூலப் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டியதைப் பிரிக்க முடியாது. ஏ.டி.எம். சீட்டு போன்ற வழவழப்பான ரசீதுகளில் எழுத்து மங்கிவிடும். முக்கியமானதை உடனே நகல் எடுங்கள். ஸ்கேன் செய்தால் கோப்புக்குத் தேதியும் பொருளும் பெயராக வையுங்கள்.

இந்தப் பதவியை நான் கேட்கவில்லை. வேலையில் இருக்கும் இளைஞர் ஒருவரோ, கணக்கு வழக்கு தெரிந்த இல்லத்தரசி ஒருவரோ வரட்டும். முதல் மூன்று மாதம் கூட உட்கார்ந்து பதிவேடு எழுத நான் தயார். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அதுவரை, உங்கள் வீட்டில் சங்கத்துக் காகிதம் ஒரு தாள் இருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம்.