ரத்த தாகம்: மறைக்க வேண்டாம், மருத்துவரிடம் வாருங்கள்



துருக்கியில் 23 வயது இளைஞர் ஒருவருக்கு ரத்தம் குடிக்காமல் இருக்க முடியவில்லை. மூச்சு விடுவதுபோல் அது தனக்கு அவசரமாகத் தேவைப்படுவதாக மருத்துவர்களிடம் சொன்னார். முதலில் தன் உடம்பையே கீறிக்கொண்டார். பிறகு மற்றவர்களைத் தாக்கத் தொடங்கினார், கைதும் ஆனார். அவருடைய தகப்பனார் மகனுக்காக ரத்த வங்கிகளிலிருந்து ரத்தப் பைகளை வாங்கிவந்து கொடுத்தார். 2012-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான செய்தி இது.

அந்தத் தகப்பனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளை தவிக்கும்போது கையில் கிடைத்ததைக் கொடுத்து அமைதிப்படுத்தத்தான் தோன்றும். ஆனால் மகனுக்குத் தேவைப்பட்டது சிகிச்சை. அந்த இளைஞரின் நான்கு மாதக் குழந்தை நோயில் இறந்திருந்தது. உறவினர் ஒருவர் கொலையுண்டதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அந்த அதிர்ச்சிகள் அவருடைய நினைவையும் தன்னுணர்வையும் சிதைத்திருந்தன, குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் ரத்தம் குடிப்பது நின்றது. மற்றத் தொல்லைகள் தீர இன்னும் காலம் தேவைப்பட்டது.

இந்த நிலையை மருத்துவர்கள் 'கிளினிக்கல் வாம்பயரிசம்' என்கிறார்கள். 1992-இல் ரிச்சர்ட் நோல் என்ற அமெரிக்க உளவியலாளர், டிராகுலா நாவலில் வரும் மனநோயாளியின் பெயரால் இதை 'ரென்ஃபீல்டு சிண்ட்ரோம்' என்று அழைத்தார். மருத்துவர்கள் எதற்கெடுத்தாலும் பெயர் சூட்டுவதைக் கிண்டல் செய்யவே அவர் அப்படிச் சொன்னார், பெயர் நிலைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இல்லை. மனச்சிதைவு, கடும் மன அதிர்ச்சி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம், போதைப்பொருள் என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். ரத்த வேட்கை அதன் அறிகுறி. மிக அரிதானது.

எது நோயல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டுப்பட்ட விரலைச் சட்டென்று வாயில் வைப்பது நோயல்ல. ஆட்டு ரத்தப் பொரியல் விரும்பிச் சாப்பிடுவதும் நோயல்ல. திருச்சி புத்தூர் குழுமாயி அம்மன் கோயில் குட்டி குடித்தல் திருவிழாவில் மருளாளி ஆட்டுக்குட்டியின் ரத்தம் அருந்துவது ஊர் கூடி நடத்தும் வழிபாடு. ஊர் வழக்கத்துக்கு வெளியே, தனிமையில், அடக்க முடியாத உந்துதலால், தனக்கோ பிறருக்கோ கேடு வரும்படி நடந்தால்தான் கவனிக்க வேண்டும்.

என்னென்ன அறிகுறிகள்? கை, தொடை, மார்பில் காரணம் சொல்லாத கீறல்கள். வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஒளித்துவைத்த பிளேடு, ரத்தக்கறை படிந்த துணி. காயத்தைக் கீறிக் கீறி ரத்தத்தைச் சுவைப்பது. ரத்தம் குடித்தால்தான் உயிரோடு இருப்பேன், என் ரத்தம் வற்றிப்போகிறது என்று உறுதியாக நம்புவது. விலங்குகளைத் துன்புறுத்துவது, பிறரைக் கடிப்பது. யாரோ காதில் கட்டளையிடுவதாகச் சொல்வது. எங்கே போனோம், என்ன செய்தோம் என்பதே நினைவில்லாமல் இருப்பது.

உடம்புக்கும் இதில் ஆபத்து உண்டு. அதிகம் விழுங்கிய ரத்தம் வாந்தியைக் கிளப்பும். மிகையான இரும்புச்சத்தை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. அது கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். பிறர் ரத்தத்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி தொற்றலாம். அப்படி நடந்திருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

எப்போது உதவி தேடுவது? ரத்தம் குடிக்கும் எண்ணம் திரும்பத் திரும்ப வந்து தொல்லை செய்தாலே போதும். காயம் ஏற்படும்வரை காத்திருக்காதீர்கள். தன்னைக் கீறிக்கொள்ளத் தொடங்கியிருந்தால், நாள் கடத்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பிறரைத் தாக்குவேன் என்றாலோ, சாக வேண்டும் என்றாலோ, கட்டளைக் குரல் கேட்கிறது என்றாலோ, அது அவசர நிலை. தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' எண் 14416, தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், தமிழ்நாட்டில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேய் பிடித்துவிட்டது என்று கட்டிவைக்காதீர்கள், அடிக்காதீர்கள். இனிமேல் செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஓய்ந்துவிடாதீர்கள். சத்தியத்தால் அடங்கும் உந்துதல் அல்ல இது. ரத்தம் தேடிக் கொடுக்காதீர்கள். கூரான பொருள்களை அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்குள்ள என்னப்பா நடக்குது? சொல்லு, நான் திட்டமாட்டேன்" என்று கேளுங்கள். சொன்ன பிறகு திட்டாமலும் இருங்கள்.

இந்தத் துன்பத்தை நீங்களே அனுபவித்துக்கொண்டு இதைக் கேட்கிறீர்களா? நீங்கள் அரக்கன் அல்ல. மருத்துவரிடம் சொன்னால் அவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஒருவர் உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில சூழல்களில் மட்டுமே அதை மீறுவார். மருந்தும் மனநல ஆலோசனையும் இருக்கின்றன. இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்.