கோதை: இருபாலார்க்கும் ஒரு பெயர்

ஜப்பானியரிடையே ‘கவோரு’ என்றொரு பெயர் வழங்குகிறது. மணம் கமழ்தல் என்பது அதன் பொருள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முரசாகி ஷிகிபு என்னும் பெண்மணி இயற்றிய ‘கெஞ்சி’ கதையின் பிற்பகுதியில் அப்பெயரால் அழைக்கப்பெறுபவன் ஆடவன். இன்றோ ஆண், பெண் இருபாலாரும் அப்பெயரைத் தாங்குகின்றனர். மணத்திற்குப் பால் ஏது?

தமிழில் இத்தகைய பெயர் உண்டோ என வினவுவார்க்குக் ‘கோதை’ என்பதே விடை. மாலை எனப் பொருள்படும் அச்சொல்லில் பால்காட்டும் ஈறு இல்லை. கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெரியாழ்வாரின் திருமகள் ஆண்டாளுக்கும் கோதை என்பதே பெயர்.

கூடலூர் இவ்விரு கோதையர்க்கும் இடையே அமைந்த ஊர். மேற்கே சேரநாடு, சித்திரை முழுநிலவு நாளில் பளியங்குடி வழியே மக்கள் ஏறிச்செல்லும் மங்கலதேவி கண்ணகி கோட்டம் அந்த எல்லைமலையில்தான் உள்ளது. தென்கிழக்கே, வருசநாட்டு மலைகளுக்கு அப்பால், திருவில்லிபுத்தூர்.

இரு திசைக் கோதையரும் பாடியவர்கள் என்பது எண்ணத்தக்கது. மனைவியை இழந்த சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையின் கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 245ஆம் பாட்டாக உள்ளது. ஆண்டாள் திருப்பாவையில் 30 பாசுரங்களும், நாச்சியார் திருமொழியில் 143 பாசுரங்களும் அருளினாள். அவன் பாடியது மீளாப் பிரிவு. அவள் பாடியது கூடுதற்கு ஏங்கும் பிரிவு.

பெயர் மறைத்த பாலை வினைமுற்று உணர்த்தும்: கோதை பாடினான், கோதை பாடினாள். ‘பாடினார்’ என்றால் மீண்டும் மறையும். சங்கப் புலவர் பெயர்களின் இறுதியில் நிற்கும் ‘ஆர்’ விகுதியும் மதிப்பைத் தந்து பாலை மறைத்தது. அதனாலன்றோ சங்கப் பெண்பாற் புலவர் இத்துணையர் என்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர்! பாடல் எஞ்சியும் பாடியவள் மறைந்துபோனாள்.

பொதுப்பெயர் அழகியது, பாடியவர் ஆணோ பெண்ணோ என்று பாராது பாடலையே முதற்கண் நோக்கச் செய்வது. எனினும் அது பாடியவரை மறைக்கும் திரையாகிவிடுதல் கூடாது. பத்தாண்டு நிறைவில் கவிஞர்தம் பெயர்கள் மலரில் அச்சேறும் இவ்வேளையில், ஒவ்வொரு பெயரின் அருகிலும் அவர் யார், எவ்வூரார் என்னும் ஒருவரிக் குறிப்பு இடம்பெறுமாயின், பின்வருவோர்க்கு ஐயம் எழாது. பெண் கவிஞர்க்கு அது பெருங்கடன்.