தூக்கணாங்குருவி சொல்லித் தந்த பாடம்

(மும்பையில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

உத்தியோகத்தில் முன்னேறுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பெரிய பதவி வகித்தவன் அல்லன். கணக்குத் தணிக்கைப் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவன். ஆனால் முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பைனாகுலரும் நோட்டுமாகப் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவேன். "மாமனார் பஞ்சபட்சி சாஸ்திரம் பார்த்தார், இவர் பட்சியையே பார்க்கிறார்" என்பாள் என் ஆத்துக்காரி.

முதல் நாள் ஒரு பறவையைப் பார்த்து, "சிட்டுக்குருவி" என்று எழுதினேன். அழைத்துப்போன பெரியவர் எட்டிப் பார்த்தார். "அது நீர் கட்டின முடிவு. கண்ணால் பார்த்தது என்ன?" என்றார். மறுபடி பார்த்தேன். அலகு தடிமனாக இருந்தது, வால் குட்டை. அது பெண் தூக்கணாங்குருவி! பார்வைக்குப் பெண் சிட்டுக்குருவி போலவே இருக்கும். "பார்த்ததை முதலில் எழுதும். பெயரை அப்புறம் போடலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தைய வருஷம் ஆபீஸில் ஒரு வவுச்சர் காணாமல் போயிற்று. கடைசியாக அதைக் கையாண்டவர் ஓர் இளம் குமாஸ்தா. அவரே மறைத்திருக்க வேண்டும் என்று ரிப்போர்ட் எழுதிவிட்டேன். நான் பார்த்தது என்ன? ஃபைலில் வவுச்சர் இல்லை, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து வேறொரு கட்டில் அது கிடைத்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார். ஆனால் அந்த மூன்று வாரமும் அவரோடு ஒருவரும் டிபன் சாப்பிட உட்காரவில்லை. பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் சொன்ன நாள் முதல் என் ரிப்போர்ட்டில் இரண்டு பகுதி இருக்கும்: கண்டது, கருதுவது. இரண்டையும் கலக்கவே மாட்டேன்.

அதே தூக்கணாங்குருவியிடம் இன்னொரு பாடமும் உண்டு. மழைக்காலத்தில் ஆண்குருவி நாரைக் கிழித்து வந்து கூடு பின்னும். கவிழ்த்த தொப்பி போலப் பாதிக் கூடு ஆனதும் நிறுத்திவிடும். பெண்குருவிகள் வந்து பார்க்கும். பிடித்துவிட்டால் குழல் போன்ற வாசலையும் பின்னி முடிக்கும். ஒன்றுக்குமே பிடிக்காவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும். நீங்களும் வேலையைப் பாதியிலேயே மேலதிகாரியிடம் காட்டுங்கள். முழுக்க முடித்துக் காட்டித் திட்டு வாங்குவதைவிட அது மேல். வேண்டாம் என்றால் அது அந்தக் கூட்டுக்குத்தான், உங்களுக்கு அல்ல.

இந்தக் குருவியின் குடித்தனத்தை ஆராய்ந்து எழுதியவர் சாலிம் அலி. பட்டப்படிப்பு இல்லாதவர். 1926-ல் மும்பை மியூசியத்தில் விளக்கவுரையாளர் வேலை கிடைத்தது. லீவில் ஜெர்மனி போய்ப் பறவையியல் பயின்று 1930-ல் திரும்பினால், பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்! அலிபாக் பக்கத்தில் கிஹிம் என்ற கடலோர கிராமத்தில் போய்த் தங்கினார். அங்கே மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பொறுமையாகக் கவனித்து எழுதியதுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. 1976-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. வேலை போன அந்தச் சமயத்திலும் அவர் சும்மா உட்காரவில்லை.

குழந்தைகளே, விலை உயர்ந்த பைனாகுலர் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விடியற்காலையில் தானா கழிமுகப் பக்கம் போய்ப் பாருங்கள். நாளை உங்கள் கையிலும் பிறரைப் பற்றி ரிப்போர்ட் எழுதும் பேனா வரும். அது ஒருவர் சோற்றில் மண்ணைப் போட்டுவிடக் கூடியது. எழுதுமுன், "நான் கண்ணால் பார்த்தது என்ன?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை.