அவாபாய் வாடியா என்ற பரிஸ்டர்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியரை அழைத்தால் நோயைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு பரிஸ்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அவாபாய் 1913 இல் கொழும்பில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதளவில் தாயாருடன் இங்கிலாந்து சென்று படித்தார். பெண்கள் பரிஸ்டராவதற்கு அங்கே 1919 ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. முதலாவது பெண் பரிஸ்டரான ஐவி வில்லியம்ஸ் 1922 இல் அந்தத் தகுதியைப் பெற்றார். 12 ஆண்டுகளின் பின், 1934 இல், அவாபாயும் பரிஸ்டரானார். அந்தப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் இலங்கைப் பெண் அவரே. பின்னர் லண்டனிலும், 1939 முதல் 1941 வரை கொழும்பிலும் தொழில் புரிந்தார்.

1941 இல் பம்பாய்க்குச் சென்றார். பிரம்மஞானத் தத்துவத்திலும் எழுத்திலும் ஈடுபாடு கொண்ட அவர், அகில இந்திய மாதர் மாநாட்டின் ‘ரோஷ்ணி’ சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தார். பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்துவது என்ற பேச்சே முதலில் அவருக்கு அருவருப்பாக இருந்ததாம். பெண்கள் கருவுறுவதும் பாலூட்டுவதுமாகவே வாழ்ந்து மடிகிறார்கள் என்று பம்பாயில் ஒரு வைத்தியர் சொல்லக் கேட்ட பிறகே மனம் மாறினார்.

1949 இல் தன்வந்தி ராமராவ் முதலியோருடன் சேர்ந்து இந்தியக் குடும்பத் திட்டச் சங்கத்தைத் தொடங்கினார். 1952 இல் பம்பாயில் உருவான சர்வதேசச் சம்மேளனத்துக்கு 1983 முதல் 1989 வரை தலைவராக இருந்தார். 1971 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2005 இல் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

பிரசவ விடுதியில் இரத்தப்போக்கை நிறுத்த எங்களுக்குத் தெரியும். ஆனால், உடம்பு தேறாத தாய் ஏன் அடுத்த வருடமே திரும்பி வந்தாள், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வீட்டில் இடம் இருந்ததா என்பதற்கு எங்கள் கையில் மருந்து இல்லை. அதற்கு ஊரோடும் அரசோடும் வாதாட ஆள் வேண்டும். சாட்சியம் திரட்டவும், மறுதரப்பின் நியாயத்தை அறிந்து பதில் சொல்லவும், வாய் திறக்க முடியாதவளுக்காக எழுந்து நிற்கவும் பழகிய ஆள் வேண்டும். ஒரு வைத்தியர் கண்டு சொன்னதை இயக்கமாக்கியவர் ஒரு சட்டத்தரணி.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். என் மகள் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவைத் தெரிவு செய்தபோது நான் இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “கெட்டிக்காரப் பிள்ளை, ஏன் இப்படி?” என்று கேட்டவர்களுக்கு நானும் தலையாட்டினேன். அவள் சட்டம் படிக்க விரும்புகிறாள் என்பதை அப்போது நான் கேட்கவேயில்லை.

இந்தப் பாடசாலையில் உயிரியல் படித்தவர்களை மேடையேற்றி மாலை போடுகிறோம். அதே வகுப்புகளில் கலை படித்த தோழிகளை எத்தனை முறை அழைத்திருக்கிறோம்? அடுத்த முறை இந்த இடத்தில் அவர்களில் ஒருவர் நிற்க வேண்டும் என்று பழைய மாணவிகள் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

மகளே, நீ பின்வரிசையில் இருக்கிறாய். அம்மா சொன்னது உனக்கும்தான்.