விளம்பர அழகும் பெண்ணின் மனக்குறையும்
(திருவனந்தபுரத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



தேவை இருக்குமிடத்தில் சந்தை தோன்றும் என்பது பொருளியலின் பாலபாடம். ஆனால், முதலில் ஒரு குறையைக் கற்பித்து, பின்னர் அதற்கு மருந்து விற்கும் சந்தையும் உண்டு. விளம்பர அழகியின் படம் செய்யும் வேலை இதுவே.

வெறும் படத்திற்கு இத்துணை ஆற்றல் உண்டா என்று சிலர் ஐயுறலாம். பசிபிக் தீவு நாடான பிஜியில் பருத்த உடலே மதிக்கப்பட்டு வந்தது. அங்கே ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டிலும் 1998-இலும் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். உண்ணும் முறையில் கோளாறுக்கான அறிகுறி உடையோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாயினர். மெலிவதற்காக வாந்தியெடுக்கும் வழக்கம் முன்பு எவரிடமும் இல்லை, பின்னர் 11.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது.

நம் நாட்டில் அழகின் அளவுகோல் பெரிதும் நிறமே. 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 1975-இல் சந்தைக்கு வந்தது. மேனி வெளுத்தால் வேலையும் மணமும் வாய்க்கும் எனக் காட்டிய விளம்பரங்களை மாதர் அமைப்புகள் எதிர்த்தன. கரிய நிறத்தைத் தாழ்வாகக் காட்டலாகாது என்று 2014-இல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கழகம் நெறி வகுத்தது. 2020-இல் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கியது. மக்கள் மனத்திலிருந்து அது நீங்கியதா?

கேரளமே விடை கூறுகிறது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோய் கண்ட 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் ஓர் அரிய வடிவம் இருந்தது. அப்பதினைவரில் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். முகக் களிம்பில் பாதரசம் பத்து லட்சத்தில் 1 பங்கிற்கு மேல் இருத்தல் கூடாதென்பது விதி. போலியான, தரமற்ற அழகுப்பொருள்களைப் பிடிக்க, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற சோதனையைத் தொடங்கியது.

இங்கே ஒரு பொருளியல் உண்மையைக் கவனிக்க வேண்டும். ஆசையை விதைப்பவர் ஒருவர். அறுவடை செய்பவர் வேறொருவர். பெரிய விளம்பரங்கள் வளர்த்த விருப்பத்தை, முகவரியற்ற மலிவுக் களிம்புகள் காசாக்குகின்றன. சட்டம் புட்டியைப் பறிமுதல் செய்யலாம். விருப்பத்தைப் பறிமுதல் செய்ய இயலாது.

எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் மாநிலம் இது. எழுத்தைப் படிக்கக் கற்றுத்தந்த பள்ளிகள் படத்தைப் படிக்கவும் கற்றுத்தர வேண்டும். ஒளியும் ஒப்பனையும் கணினித் திருத்தமும் சேர்ந்து உருவாக்கிய முகத்தோடு தன் முகத்தை ஒப்பிட்டு ஒரு சிறுமி வருந்தலாகாது. அலுவலர்கள் கடைகளைச் சோதிக்கட்டும். மாணவர்கள் விளம்பரங்களைச் சோதிக்கட்டும். இரண்டும் சேர்ந்தே நம் பெண்களின் உடல்நலத்தைக் காக்கும்.